கூலியும் சம்பளமும்

சம்பா நெல்லும் உப்பளத்து உப்பும் கொடுத்ததால் 'சம்பளம்' என்ற பெயர் வந்ததாம். பட்டிமன்ற மேடைகளில் இன்னும் முழங்குகிறார்கள். அளம் என்பது உப்பு விளையும் களம். வேலை செய்தவனுக்கு உப்பளத்தையா எழுதிக் கொடுத்தார்கள்? உடனே அகநானூற்றைத் துணைக்கு அழைப்பார்கள். அங்கே (140) உமணர் மகள் நெல்லுக்கு நேராக உப்பு விற்கிறாள். அது பண்டமாற்று, ஊதியமன்று. ரோமானியர் உப்பையே ஊதியமாகக் கொடுத்தார்கள் என்ற கதையைப் படித்த யாரோ நமக்கும் ஒன்று செய்துவைத்தார் என்றே நினைக்கிறேன். வடமொழியில் சம்பலம் என்றால் வழிநடைக்குக் கட்டிய சோறு. கன்னடமும் மலையாளமும் ஊதியத்துக்கு அதே சொல்லைத்தான் வழங்குகின்றன. சம்பாவுக்கு அங்கே வேலையில்லை.

நம் பழஞ்சொல் கூலி. முயற்சியின் பயனுக்கே வள்ளுவர் அதை ஆள்கிறார் (குறள் 619). இழிவு துளியும் இல்லை. இதன் வேர் கூலம், அதாவது தானியம். சிலம்பின் ஊர்காண் காதையில் மதுரைக்குக் கூலவீதி உண்டு. மணிமேகலை பாடிய சாத்தனார் கூலவாணிகர். களத்துமேட்டில் மரக்காலால் அளந்து, அறுத்தவள் விரித்த முந்தானையில் கொட்டிய கூலமே கூலி. அதிகாரி வாங்கும் பயணப்படியில் உள்ள 'படி'யும் தானியம் அளந்த படிதான். இதெல்லாம் பழங்கதை என்பவர் கீழ்வெண்மணியை நினைக்கட்டும்: நெல்கூலியைக் கூட்டிக் கேட்ட தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள்.

ஆங்கிலத்திலும் 'கூலி' உண்டு. அதற்கு 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி (1886) மேற்கு இந்தியாவின் கோலி இனத்தாரை மூலமாகக் காட்டுகிறது. கோலி ஆளின் பெயர். தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாவற்றிலும் கூலி என்பது பெறும் பொருளின் பெயர். மேலே பேச ஒன்றுமில்லை.

தமிழில் வாங்குவது கூலி, வாங்குபவர் கூலியாள். 1860இல் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனபோது 'ஆள்' கரையிலேயே உதிர்ந்துபோனது. வெள்ளைக்காரன் வாயில் கூலியே மனிதனுக்குப் பெயராயிற்று. வழக்கறிஞர் காந்திகூட அங்கே 'கூலி பாரிஸ்டர்'தான்.

ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? மாதம் பிறந்தால் வருவது சம்பளம், பொழுது சாய்ந்தால் வருவது கூலி. ஒரே தெருக் குப்பையை அள்ளினாலும் நிரந்தரப் பணியாளருக்குச் சம்பளம், பக்கத்தில் நிற்பவருக்குத் தினக்கூலி. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்றுதான் விசாரிக்கிறார்கள். கூலி எவ்வளவு என்று கேட்டால் சம்பந்தமே முறிந்துவிடும்.

வழிச்சோறும் வயிற்றுக்கு, களத்து நெல்லும் வயிற்றுக்கு. இரண்டுக்கும் நடுவே மேடு பள்ளம் வெட்டியவர்கள் நிலமும் சாதியும் கையில் வைத்திருந்தவர்கள். கூலி கூலத்தின் பிள்ளை. மறுப்பவர் களத்துமேட்டுக்குப் போய்க் கேட்டு வரட்டும்.