சஸ்பென்ஷன் போல்ட்டை வீட்டிலேயே டைட் பண்ணப் போறீங்களா? முதலில் இதைப் படிங்க

பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை 2023 மார்ச் 12-ல் திறக்கப்பட்டது. சுமார் 118 கி.மீ. தூரம். அந்த வேகத்தில் கேட்காத ஒரு சத்தம், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கி ஊருக்குள் வேகத்தடை ஏறும்போது கேட்கலாம்: முன்சக்கரப் பக்கம் ஒரு 'டொக்'. புஷ் தேய்ந்திருக்கலாம், பால் ஜாயின்ட் ஆடலாம், போல்ட் லூசாகவும் இருக்கலாம். வீட்டு வாசலிலேயே சரிசெய்ய நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

கார் தூக்கியிருக்கும்போது ஏன் முழுசாக டைட் செய்யக் கூடாது?

லோயர் ஆர்ம் போன்ற பாகங்களில் இருக்கும் ரப்பர் புஷ், போல்ட் இறுகியதும் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுகித்தான் இடம்கொடுக்கிறது. சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டால், காரைக் கீழே இறக்கியதுமே ரப்பர் முறுகிவிடும். பிறகு எப்போதும் அந்த முறுக்கிலேயே இருந்து, சீக்கிரம் கிழியும்.

அப்போ எப்படிச் செய்வது?

1. ஜாக்கி வைப்பதற்கு முன், சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.
2. காரை சமதளத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகவே கூடாது.
3. போல்ட்டைக் கையால் மாட்டி, லேசாக மட்டும் இறுக்குங்கள்.
4. கார் ஸ்டாண்டிலேயே இருக்க, ஆர்முக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்து, குறித்த அளவு வரும்வரை தூக்குங்கள்.
5. அந்த உயரத்தில் டார்க் ரெஞ்சால் இறுதியாக டைட் செய்யுங்கள்.

எவ்வளவு டைட்?

உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் தனி அளவு இருக்கும். 100 நியூட்டன் மீட்டர் என்றால், அரை மீட்டர் நீள ரெஞ்சின் முனையில் சுமார் 20 கிலோ எடை கொடுக்கும் அழுத்தம். யூனிட்டைக் கவனியுங்கள்: 100 அடி-பவுண்ட் என்பது சுமார் 136 நியூட்டன் மீட்டர். சில போல்ட்டுகளுக்கு டார்க் கொடுத்த பிறகு, குறிப்பிட்ட டிகிரி கூடுதலாகத் திருப்பச் சொல்லியிருப்பார்கள்.

எண்ணெய் தடவலாமா?

மேனுவல் சொன்னால் மட்டும். நாம் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி உராய்வுக்கே போகிறது. எண்ணெய் விட்டால் உராய்வு குறைந்து, ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போதே போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

பழைய நட்டையே போடலாமா?

நைலான் வளையம் உள்ள நட்டு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தச் சொன்ன போல்ட் இரண்டையும் புதிதாகவே வாங்குங்கள். விலை கம்மி, ஆபத்து பெரிது.

டார்க் ரெஞ்ச் பயன்படுத்தும்போது?

'க்ளிக்' கேட்டதும் நிறுத்துங்கள். இன்னொரு இழுப்பு வேண்டாம். போல்ட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வையுங்கள்.

எதைத் தொடவே கூடாது?

ஸ்ட்ரட்டின் உச்சியில், நடுவில் இருக்கும் நட்டு. அழுத்தத்தில் இருக்கும் ஸ்ப்ரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஸ்ப்ரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் கழற்றினால் உயிருக்கே ஆபத்து. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்து சுமார் 100 கி.மீ. ஓட்டிய பிறகு, வீல் நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள். ஆர்ம் கழற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள். நீண்ட பயணம் அதற்கு அப்புறம்தான்.