புதுக்கோட்டை வட்டார வீடுகளின் மழைக்கால ஆயத்தம்

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வீட்டின் கூரை, சுவர், வடிகால், களஞ்சியம், விறகு ஆகியவற்றைச் சீர்செய்து வைக்கும் ஆண்டுப்பணியே மழைக்கால ஆயத்தம். புதுக்கோட்டை மாவட்டத்தில் இது புரட்டாசியில் தொடங்கி, ஐப்பசி அடைமழை பிடிக்குமுன் முடியும். குளிர்நாடுகளில் இலையுதிர்காலத்தில் வீட்டைப் பனிக்கு எதிராக இறுக்கி அடைப்பார்கள். கடுங்குளிர் இல்லாத இந்த மண்ணிலோ காக்க வேண்டியது ஈரத்திடமிருந்தும் காற்றிடமிருந்தும்தான்.

ஆனால் மழையைத் தடுப்பதோடு இங்கே வேலை முடிந்துவிடுவதில்லை. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இல்லாத மாவட்டம் இது. வெள்ளாறும் அக்னியாறும் மழைக்காலத்தில் மட்டும் பெருகுபவை. 5,000க்கும் மேற்பட்ட கண்மாய்களும் ஊருணிகளும் நிறைந்தால்தான் கோடையில் குடிக்கவும் பயிர்செய்யவும் தண்ணீர். ஆகவே வீட்டுக்குள் ஒரு சொட்டும் ஒழுகாமல் காப்பதும், வெளியே ஒரு சொட்டும் வீணாகாமல் வாங்கி வைப்பதும் ஒரே பருவத்தின் இரு வேலைகளாக இருந்து வந்திருக்கின்றன.

பருவம்

இந்திய வானிலைத் துறையின் கணக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் அக்டோபர் 20. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய 48 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. வங்கக்கடலில் உருவாகும் தாழ்வழுத்தங்களும் புயல்களும் இதே காலத்தில் வருகின்றன. பழந்தமிழர் பகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி.

பழஞ்சான்றுகள்

கூதிர்கால வீட்டைப் பற்றிய மிக விரிவான பழைய சித்திரம் பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் உள்ளது. நக்கீரர் இயற்றிய 188 அடிப் பாட்டு அது. வேனிலில் தென்றலை வாங்கிய மாடத்துக் கதவுகள் தாழிடப்பட்டுக் கிடக்கின்றன. வட்ட விசிறிகளைச் சுருக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள்; அவற்றில் சிலந்தி நூல் பின்னியிருக்கிறது. குறுகிய வாயுடைய கலத்திலுள்ள குளிர்ந்த நீரை யாரும் பருகவில்லை. அகன்ற வாயுடைய தடவு என்னும் கணப்புச்சட்டியின் நெருப்பில் குளிர்காய்கிறார்கள். வீட்டின் பயன்பாட்டையே பருவத்துக்கேற்ப மாற்றி அமைத்த நகர வாழ்க்கை இதில் தெரிகிறது.

அண்டை மாவட்டமான சிவகங்கையில் கீழடி அகழாய்வில் கிடைத்த கூரை ஓடுகள் இன்னொரு சான்று. மழைநீர் வழிந்தோட விரலால் இழுத்த பள்ளங்களும், கயிறு கோத்துக் கட்டத் துளைகளும் அவற்றில் உள்ளன. புதுக்கோட்டை நகரை ஒட்டிய பொற்பனைக்கோட்டையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2023இல் தொடங்கிய அகழாய்வு, இவ்வட்டாரத்திலும் பழங்காலச் செங்கல் கட்டுமானம் இருந்ததை வெளிக்கொணர்ந்தது.

கூரைவீடு

பெரும்பான்மை மக்களின் வீடு நெடுங்காலம் மண்சுவரும் ஓலைக்கூரையுமாகவே இருந்தது. அங்கே ஆயத்தம் என்றாலே கூரை மேய்வதுதான். தென்னை மட்டையை நீரில் ஊறப்போட்டு, இரண்டாகப் பிளந்து, கீற்றாக முடைவார்கள். தென்னங்கீற்று ஒன்றிரண்டு ஆண்டுகளில் நைந்துவிடும். பனையோலை அதைவிட நாள்படும். பழைய கூரையைப் பிரித்து, இற்றுப்போன மூங்கிலை மாற்றிவிட்டு, கீழ் இறவாணத்திலிருந்து முகட்டை நோக்கி வரிசை வரிசையாக ஏற்றிக் கட்டுவார்கள். மேல் வரிசை கீழ் வரிசையின்மேல் படிந்தால்தான் நீர் உள்ளே இறங்காது. கட்டுவதற்குப் பனைநாரும் தென்னங்கயிறும்.

இறவாணத்தைத் தாழ்த்தி விடுவது மண்சுவரைச் சாரலிலிருந்து காக்க. வாடை வீசும் வடபக்கத்தில் படலோ தட்டியோ கட்டி மறைப்பார்கள். சுவரடியில் மண் அணைத்து, வீட்டைச் சுற்றி வாய்க்கால் கீறி, வாசல் நீரைத் தெருவுக்குத் திருப்பிவிடுவார்கள். ஒரு வீட்டுக் கூரைக்கு அக்கம்பக்கத்து ஆட்கள் கைகொடுப்பதும், அடுத்த வீட்டு வேலைக்கு இவர்கள் போவதும் வழக்கம்.

ஓட்டுவீடு

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தொண்டைமான் மன்னரின் ஆட்சியில், ஆங்கிலேய அதிகாரி மேஜர் வில்லியம் பிளாக்பர்னின் முயற்சியால் புதுக்கோட்டை நகரம் நேரான அகன்ற தெருக்களோடு புதிதாக எழுந்தது. அப்போது ஓட்டுவீடுகள் பெருகின. நாட்டு ஓட்டைச் செய்தவர்கள் மண்பாண்டம் வனையும் வேளார்கள். களிமண்ணைச் சக்கரத்தில் குழாயாக வனைந்து, பிளந்து, சூளையில் சுட்டார்கள். துவரடிமனை, மழையூர் போன்ற ஊர்களில் ஐயனார் குதிரைகளைச் செய்துவரும் மரபும் இவர்களுடையதே.

நாட்டு ஓடு ஆணியில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவது. பூனை ஓடினாலும் குரங்கு குதித்தாலும் நகரும். அதனால் ஆண்டுதோறும் மழைக்கு முன் ஓடு மாற்றுபவர் கூரை ஏறி, உடைந்ததை நீக்கி, நகர்ந்ததைச் சேர்த்து, சேர்ந்த சருகைக் கூட்டித் தள்ள வேண்டும். அந்த வேலையைக் குறைத்தது சீமை ஓடு. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஜிலார்டோனி சகோதரர்கள் 1841இல் உருவாக்கிய, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ஓட்டின் வழிவந்தது இது. 1865இல் பாசல் மிஷன் என்னும் கிறித்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய பிறகு, இவ்வகை ஓடு தென்னிந்தியா முழுதும் பரவியது.

செட்டிநாட்டு வீடுகள்

திருமயம், பொன்னமராவதி பக்கத்து நகரத்தார் ஊர்களான ராயவரம், அரிமளம், கடியாபட்டி, ராங்கியம், கோனாபட்டு ஆகியவற்றில் மழைக்கால ஆயத்தம் கட்டடக்கலைக்குள்ளேயே புகுந்துவிட்டது. நாட்டு ஓட்டைப் பல அடுக்காகப் பரப்பிய கூரைகள் உள்நோக்கிச் சரிந்து முற்றத்தில் நீரை இறக்குகின்றன. அங்கே அண்டாவில் பிடித்த நீர் சமையலுக்குப் போகும். மிஞ்சியது வடிகால் வழியே வெளியேறி ஊருணியைச் சேரும். கடுக்காய் நீர் சேர்த்து அரைத்த சுண்ணாம்பும், வெள்ளைக்கருப் பூச்சும் சுவரை ஈரம் கோக்காமல் காத்தன. இந்தச் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன.

இன்று இவ்வீடுகளில் பல, திருமணத்துக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. புரட்டாசியில் ஓடு மாற்ற ஆளில்லாத வீட்டில் ஓர் ஓடு நகர்ந்தாலும் போதும். அந்த இடைவெளியில் இறங்கும் நீர் சில ஆண்டுகளில் தேக்கு உத்தரத்தை இற்றுப்போகச் செய்துவிடும்.

அடுக்களையும் களஞ்சியமும்

வெயில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை சில. நெல் அவித்தால் உலர்த்தக் களம் வேண்டும். ஆகவே இரண்டு மாத அரிசிக்கான நெல்லை முன்கூட்டியே புழுக்கி, காயவைத்து, குத்தி வைப்பார்கள். விதைநெல் குதிரில் ஏறும். கோடையில் போட்ட வற்றலும் வடகமும் மீண்டும் ஒரு வெயில் கண்டு பானைக்குப் போகும். புளி, உப்பு, மிளகாய் தரையின் ஈரம் படாதபடி பரணுக்கு ஏறும். தென்னமட்டை, பனைமட்டை, கருவேல விறகு, எருவரட்டி ஆகியவற்றைத் தாழ்வாரத்தில் அடுக்கிவைப்பது வீட்டுப் பெண்களின் வேலையாக இருந்தது. விறகு நனைந்துபோனால் அன்றைக்கு உலை ஏறாது. ஆயுத பூசைக்கும் தீபாவளிக்கும் வெள்ளையடிப்பதும், ஒட்டடை அடிப்பதும் இதே காலத்தில் அமைந்ததால் பண்டிகை வேலையும் மழைவேலையும் சேர்ந்தே நடந்தன. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையோரத்தில் வீட்டைக் கவனிக்குமுன் படகுக்கும் வலைக்கும் பாதுகாப்பான இடம் தேடுவார்கள்.

கான்கிரீட்டும் சட்டமும்

1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் முதலான அரசுத் திட்டங்கள் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றின. கூரை மேயும் வேலை குறைந்தது. மாற்றாக வந்தவை, மாடியின் வெடிப்பைப் பூசுவது, நீர்க்குழாயை அடைக்கும் இலையை அகற்றுவது, மேல்நிலைத் தொட்டியைக் கழுவுவது. 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. மாடி நீரைக் குழாய்வழி இறக்கி, ஜல்லியும் மணலும் நிரப்பிய குழியில் வடிகட்டி நிலத்தடிக்கு அனுப்பும் முறை இது. குழியின் மணலை மழைக்கு முன் அள்ளிக் கழுவாவிட்டால் வண்டல் அடைத்து நீர் இறங்காது.

கஜாவும் அதற்குப் பின்னும்

2018 நவம்பர் 16, ஐப்பசியின் கடைசி நாள். அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் உள்நாட்டுக்குள் புதுக்கோட்டை வழியாகவும் சென்றது. கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரத்தில் தென்னையும் பலாவும் வாழையும் சாய்ந்தன. ஓலைக்கூரைகளும் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளும் பறந்தன. கான்கிரீட் வீடுகள் நின்றாலும் மின்கம்பங்கள் விழுந்ததால் கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. மோட்டார் ஓடவில்லை, ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத் தொட்டிகளை நிரப்பினார்கள். கிணறும் கைப்பம்பும் இருந்த தெருக்கள் சமாளித்தன.

அதன்பிறகு ஆயத்தப் பட்டியல் நீண்டிருக்கிறது. வீட்டின்மேல் சாயக்கூடிய கிளைகளை வெட்டுவது, தென்னையின் முற்றிய மட்டைகளையும் குலைகளையும் இறக்கிக் காற்றின் பிடியைக் குறைப்பது, தகட்டுக் கூரையைக் கம்பியால் இழுத்துக் கட்டுவது, பட்டாவும் ரேஷன் அட்டையும் பிளாஸ்டிக் உறையில் வைப்பது, டார்ச்சையும் பவர் பேங்கையும் சார்ஜ் போடுவது ஆகியவை புதிதாகச் சேர்ந்தவை. டெங்கு கொசு பெருகாதபடி பழைய டயர், தேங்காய்த் தொட்டி ஆகியவற்றை அகற்றுவதும் இப்போது இதில் அடக்கம். பேரிடர்க்கால மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணை ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் மாவட்ட நிர்வாகம் அறிவிக்கிறது; ஊராட்சிகள் கண்மாய் வரத்துக்கால்களைத் தூர்வாருவதும் அதே வாரங்களில்தான்.