கப்பல் தளத்தில் பெயரின்றி வந்தவர்கள்: இணைய ஆவணங்களும் நம் வட்டார வரலாறும்



பரமேசுவரா மலாக்காவைத் தோற்றுவித்த கதையை நம் மாணவர்கள் அறிவார்கள். 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் வந்திறங்கியதையும் சொல்வார்கள். ஆனால், “உன் பள்ளியின் பெயரில் உள்ள தோட்டத்தை யார் திறந்தார்கள்? உன் பூட்டனார் எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்?” என்று கேட்டால் வகுப்பறை அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குப் பிள்ளைகள் காரணமல்லர். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கும் அறிந்துகொள்ளும் வழி எளிதாக இருந்ததில்லை.

நம் தொடக்கப்பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் வரலாறு தனிப்பாடமாக 2014ஆம் ஆண்டில் அறிமுகமானது. நாடு முழுமைக்கும் எழுதப்படும் பாடநூலில் ஒவ்வொரு கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் பக்கம் ஒதுக்க இயலாது. அந்த இடைவெளியை நிரப்புவது ஆசிரியரின் பணி. முன்பு அதற்காகக் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ இலண்டனுக்கோ செல்ல வேண்டியிருந்தது. இன்று மூல ஆவணங்களில் ஒரு பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தாசேக் கெலுகோரில் இருந்தபடியே அவற்றைப் படிக்கலாம். அவற்றைக் கொண்டு வட்டார வரலாற்றை எப்படிக் கற்பிக்கலாம் என்பதையே இங்கு எழுத விழைகிறேன்.

நம் வட்டாரம்

செபராங் பிறை நிலப்பகுதி 1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அப்போதைய இந்தியத் தலைமை ஆளுநரின் பெயரால் அதனைப் ‘புரோவின்ஸ் வெல்லெஸ்லி’ என்றழைத்தனர். பத்து காவான் பகுதியில் சீனர்கள் முதலில் கரும்பு பயிரிட்டனர். 1840களிலிருந்து ஐரோப்பியர் பெருந்தோட்டங்களைத் திறந்தனர். அத்தோட்டங்களுக்கு நாகப்பட்டினம் வழியாகத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் இரப்பர் வந்தது; பின்னர் செம்பனை வந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. கங்காணி வழியாக ஆள்சேர்ப்பதும் 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு விதித்த தடையோடு நின்றது.

மேபீல்டு, மலாகோஃப் ஆகிய தோட்டப் பெயர்களை நம் வட செபராங் பிறைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்குமாறு நிர்வாகங்களைக் கட்டாயப்படுத்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வழிவகுத்தது. நம் பள்ளிகள் பலவற்றின் பெயரில் ‘லாடாங்’ என்னும் சொல் ஒட்டிக்கொண்டிருப்பதன் பின்னணி இதுதான். நாட்டின் பல இடங்களில் தோட்டம் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்த பின்னும் அந்தப் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது.

எங்கே தேடுவது?

ஆசிரியர்கள் முதலில் அறிய வேண்டியது சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ தளம். பினாங்கு வரலாற்றுக்குச் சிங்கப்பூர் ஏன் என்று கேட்கலாம். 1826 முதல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. எனவே, 1845ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ இதழில் நம் வட்டாரச் செய்திகளும் இடம்பெற்றன. பினாங்கிலேயே வெளிவந்த ‘பினாங்கு கெஜட்’, 1903இல் தொடங்கிய ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ ஆகியவற்றின் பழைய இதழ்களும், கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இதழ்களும் அத்தளத்தில் உள்ளன.

இரண்டாவது, ‘இன்டர்நெட் ஆர்கைவ்’ எனப்படும் இணைய ஆவணக் களஞ்சியம். புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் நிர்வாகத்தைக் கவனித்த ஜேம்ஸ் லோ 1836இல் வெளியிட்ட வேளாண்மை நூல், நியூபோல்டு 1839இல் எழுதிய இரு தொகுதிகள், இங்குக் கரும்பு பயிரிட்ட லெனார்டு ரே 1848இல் வெளியிட்ட கரும்புத் தோட்ட நூல், ஆர்னால்டு ரைட் 1908இல் தொகுத்த பெருநூல் போன்றவற்றை இணையத்தில் மின்னூலாகப் படிக்கலாம். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்தமிழர்கள் 2005இல் தொடங்கிய நூலகம் தளமும் உள்ளன.

பழைய பெயர்களில் தேடுங்கள்

‘செபராங் பிறை’ என்று தேடினால் பழைய ஆங்கில இதழ்களில் பெரிதாக ஒன்றும் அகப்படாது. ‘புரோவின்ஸ் வெல்லெஸ்லி’ என்று தேட வேண்டும். பிறை, பினாங்கு ஆகிய பெயர்களைக்கூட அக்காலத்தார் பலவாறு எழுதினர். கெலுகோர் என்பதைக் ‘குலுகோர்’ என ஒலிக்கும்படி ஓரெழுத்து குறைத்து எழுதும் வழக்கம் இருந்தது. பழைய அச்சைக் கணினி தவறாகப் படித்திருக்கும் இடங்களும் உண்டு. ஆகவே, ஒரு சொல்லுக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல்களை மாணவர்களே பட்டியலிட்டுத் தேடவேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. கெலுகோர் என்பது புளிப்புச் சுவைக்காகச் சமையலில் இடும் காய் காய்க்கும் மரத்தின் பெயர். தாசேக் என்றால் ஏரி. பினாங்குத் தீவிலும் ஒரு கெலுகோர் இருக்கிறது. அங்கு டேவிட் பிரவுன் என்பாரின் புகழ்பெற்ற தோட்டம் இருந்தது. ‘கெலுகோர் தோட்டம்’ என்று கண்டவுடன் அது நம் ஊர்தான் என்று குதித்துவிடக் கூடாது. எந்தக் கெலுகோர் என்பதைச் செய்தியின் பிற குறிப்புகளைக் கொண்டு உறுதிப்படுத்த வேண்டும். மாணவர்களுக்கு இஃது ஒரு நல்ல துப்பறியும் பயிற்சி.

தமிழர்களைக் குறிக்க அவ்விதழ்கள் ‘கிளிங்’, ‘கூலி’ என்னும் சொற்களைத் தாராளமாகப் பயன்படுத்தின. இன்று அவை நம்மைப் புண்படுத்தும் சொற்கள். ஆனால், அச்சொற்களைக் கொண்டு தேடாவிட்டால் நம் முன்னோரைக் கண்டடைய முடியாது. இதனைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் விளக்க வேண்டும். யார், எந்த நிலையிலிருந்து அவ்வாறு அழைத்தார்கள் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே.

எண்ணிக்கையாக மட்டும் வந்தவர்கள்

நான் மாணவர்களுக்கு முதலில் காட்டுவது கப்பல் வரவுப் பட்டியலை. அன்றைய நாளிதழ்களில் அது தவறாமல் இடம்பெறும். கப்பலின் பெயர், தலைவரின் பெயர், புறப்பட்ட துறைமுகம் எல்லாம் அதில் இருக்கும். அறை எடுத்துப் பயணம் செய்தவர்களின் பெயர்களும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். திறந்த தளத்தில் வந்தவர்களுக்கோ ஓர் எண் மட்டுமே.

அந்த எண்ணுக்குள்தான் நம்மவர்கள் இருக்கிறார்கள். 1844 முதல் 1910 வரை ஒப்பந்தக் கூலிகளாக மலாயா வந்தவர்கள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் என்று ஆய்வாளர் கெர்னியல் சிங் சந்து 1969இல் வெளியிட்ட தம் நூலில் மதிப்பிட்டார். இத்தனை பேரில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு 1860 முதல் 1911 வரை 152,184 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அவர்களின் பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவை கப்பல் பதிவேடுகளில் உள்ளன. அப்பதிவேடுகள் கணினித் தரவுகளாகவும் மாற்றப்பட்டுள்ளன. அங்குள்ள ஒரு மாணவன் தன் பூட்டனாரின் கிராமத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. மலாயாவுக்கு வந்தவர்களுக்கு அப்படியொரு முழுமையான பெயர்ப் பதிவேடு இணையத்தில் இல்லை. ஆகவே, இணைய ஆவணம் மட்டுமே நமக்குப் போதாது. அது பாதிக் கதையைத்தான் சொல்லும்.

ஆவணத்திடம் கேட்க வேண்டியவை

ஆவணம் பழையது என்பதற்காகவே அது முழு உண்மையாகிவிடாது. எனவே, எந்த ஆவணத்தைப் படித்தாலும் மாணவர்கள் நான்கு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்.

1. இதனை எழுதியவர் யார்?
2. யார் படிப்பதற்காக எழுதினார்?
3. இதில் யாருடைய பெயர் இருக்கிறது?
4. யாருடைய பெயர் இல்லை?

ரே எழுதிய நூல் கரும்புத் தோட்டம் நடத்த விரும்பும் முதலாளிகளுக்கானது. அதில் நிலம், ஆலை, எருது ஆகியவற்றைப் போலத் தொழிலாளியும் ஒரு செலவினம்தான். அந்நூல் பொய் என்பதன்று இதன் பொருள். துரையின் கணக்குப் புத்தகத்தில் தொழிலாளியின் பசியைத் தேட முடியாது என்பதே பொருள். இந்திய அரசின் சார்பில் வந்த சீனிவாச சாஸ்திரியார் மலாயா இந்தியத் தொழிலாளர் நிலை குறித்து 1937இல் அளித்த அறிக்கையையும் இவ்வாறே படிக்க வேண்டும். அவர் யாரைச் சந்தித்தார், எதனைக் கண்டார், எதனைக் காணவில்லை என்று கேட்டுப் பழக வேண்டும்.

ஊகத்தையும் சான்றையும் பிரித்தறியவும் பழக்கலாம். மலாகோஃப் என்பது கிரிமியப் போரில் 1855ஆம் ஆண்டு வீழ்ந்த கோட்டையின் பெயர். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் வழங்கும் அல்மா என்பதும் அதே போரில் 1854ஆம் ஆண்டு சண்டை நடந்த ஆற்றின் பெயர். அப்போரின் நினைவாகத் தோட்டங்களுக்குப் பெயர் சூட்டியிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. இது நல்ல ஊகம். ஆயினும், பெயர் சூட்டியவரின் எழுத்து கிடைக்கும்வரை ஊகமே.

நமக்குப் பெருமை தரும் செய்திகளுக்கும் இவ்விதி பொருந்தும். 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது என்று மேடைதோறும் சொல்கிறோம். 2016ஆம் ஆண்டில் இருநூறாம் ஆண்டு நிறைவையும் கொண்டாடினோம். “ஐயா, இதற்கு மூல ஆவணம் எது?” என்று ஒரு மாணவன் கேட்டால் நாம் முகம் சுளிக்கக் கூடாது. அவனுக்கு வரலாறு பிடிபட்டுவிட்டது என்று மகிழ வேண்டும்.

வீட்டிலுள்ள ஆவணக் காப்பகம்

இணையத்தில் இல்லாத மறுபாதி நம் வீடுகளில் இருக்கிறது. பழைய பிறப்புச் சான்றிதழில் தோட்டத்தின் பெயர் இருக்கும். கோயிலின் நன்கொடைக் கல்வெட்டில் தண்டல், கிராணி, பால்மரம் வெட்டியவர் பெயர்கள் இருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கல்லறை எழுத்து, 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலின் பயணச் சீட்டு, லயத்து வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம் அனைத்தும் மூல ஆவணங்களே. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டதைப் பற்றி ஒரு பாட்டி சொல்வதும் சான்றுதான். அதனையும் அதே நான்கு கேள்விகளால் சோதிக்கலாம்.

மாணவர்களுக்கு நான் தரும் பணி எளியது. ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் இணையத்தில் கிடைத்த செய்தியையும், வலப்பக்கம் அதே காலத்தைப் பற்றி வீட்டிலோ கோயிலிலோ கிடைத்த செய்தியையும் எழுத வேண்டும். இடப்பக்கத்தில் இதழின் பெயர், நாள், பக்க எண் கட்டாயம். இணைய முகவரி மாறிப்போகலாம், நாளும் பக்கமும் மாறா. வலப்பக்கத்தில் சொன்னவரின் பெயர், வயது, கேட்ட நாள் கட்டாயம். ஆங்கிலம் தடையாக இருந்தால் ஆசிரியர் நான்கு வரிகளில் தமிழில் சுருக்கித் தரலாம்.

இடப்பக்கம் நூறு ஆண்டுக்குப் பின்னும் இணையத்தில் இருக்கக்கூடும். வலப்பக்கத்துக்கு அவ்வளவு காலமில்லை. இரப்பர்த் தோட்ட வாழ்க்கையை நேரில் கண்டவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் போனால் அப்பெயர்களும் போய்விடும். ஆகவே ஆசிரிய நண்பர்களே, அடுத்த பள்ளி விடுமுறைக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள்: தோட்டத்தில் பிறந்த ஒரு முதியவரிடம் சென்று, அவருடைய பெற்றோர், பாட்டன், பாட்டி ஆகியோரின் முழுப்பெயரையும் ஊரையும் கேட்டு எழுதி வரவேண்டும். கப்பல் பட்டியலில் எண்ணாக நின்றவர்களில் ஒருசிலருக்காவது நம் மாணவர்களின் கையெழுத்தில் பெயர் கிடைக்கட்டும்.

அன்புடன்,
தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு தமிழாசிரியர்