பரிசலின் தோல்

ஓசூரை அடுத்த தளியைச் சுற்றிய மேட்டு நிலம் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் கிடப்பது. அதன் குளிர்ச்சியை மெச்சிய வெள்ளைக்காரர் அதைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்றே அழைத்தனர். கடலோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத இப்பிரதேசத்தில் படகுக்கு உறை போர்த்தும் தொழிலுக்குச் சரித்திரம் ஏது என்று கேட்பவர், தேன்கனிக்கோட்டையையும் அஞ்செட்டியையும் கடந்து, மூங்கிலும் யானையும் மலிந்த காடுகளின் வழியே இறங்கிப் பிலிகுண்டுலுவில் காவிரியைப் பார்த்தால் போதும். பாறைகளுக்கிடையே சுழித்தோடும் அந்த நீரில் மரத்தோணி மோதிச் சிதறும். வளைந்து கொடுத்து, உரசினாலும் உடையாமல் மிதக்கும் வட்டப் பரிசலுக்கே அங்கு வழி உண்டு.

பரிசல் நமக்கு மட்டும் உரியதன்று. யூப்ரடீஸ் நதியில் பாபிலோனுக்குச் சரக்கு கொணர்ந்த தோல் ஓடங்களைக் கண்டு வியந்து எழுதிய கிரேக்க ஆசிரியர் ஹெரடோட்டஸ், வணிகர்கள் ஊர் சேர்ந்ததும் ஓடத்தின் சட்டத்தை விற்றுவிட்டு, தோலை மாத்திரம் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள் என்கிறார். எது விலை பெற்றது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், கூடையைப்போல் வட்டமாய், வெளிப்புறம் தோல் போர்த்து, சுழன்று சுழன்று ஆற்றைக் கடக்கும் ஓடங்களை வர்ணித்திருக்கிறார். திப்பு சுல்தான் வீழ்ந்து ஓசூர்ப் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்த 1799-ஆம் வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் நின்ற ஆங்கிலப் படைத்தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்பாடு தக்காணத்து ஆறுகளைத் தம் சேனை கடப்பதற்கு நாடியதும் இந்தத் தோல் பரிசல்களைத்தான்.

பரிசலைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் மூங்கிலைப் பற்றியே பேசுகிறார்கள். முற்றிய மூங்கிலைப் பிளந்து, பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாய்ப் பரப்பி, விளிம்பை வளைத்துக் கட்டும் காட்சி கண்ணுக்கு இனியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கூடை எவ்வளவு திருத்தமாய் முடையப்பட்டிருப்பினும் அது கூடையே. தண்ணீர் புகாத உறை ஏறிய பிறகுதான் அது ஓடமாகிறது. ஏழெட்டு அடி குறுக்களவுள்ள பரிசலின் அடியையும் பக்கத்தையும் மூட ஓர் எருமைத்தோல் போதாது. இரண்டையோ மூன்றையோ இணைத்தாக வேண்டும். இணைக்கும் ஊசி குத்திய துளை ஒவ்வொன்றும் தண்ணீருக்குத் திறந்த வாசல். ஆகவே ஓரத்தின்மேல் ஓரம் ஏறும்படி மடித்து, வாரால் நெருக்கி இழுத்துத் தைக்கத் தெரிந்த கை வேண்டும். தோலைத் தளர விட்டால் சட்டத்தின்மேல் மடிப்பு விழும். ஈரத்தோல் காய்கையில் சுருங்குவது இயல்பாதலால், அளவுக்கு மிஞ்சி இழுத்தால் தையலே கிழியும். பாறையில் தினந்தோறும் உரசும் அடிப்புறத்தில் இந்தப் பிசகுகள் உயிரைக் கேட்கும்.

அந்தக் கை யாருடையது? கிணற்றில் கவலை பூட்டி நீர் இறைத்த காலத்தில் சாலுக்குத் தோல்தும்பி தைத்தவர்களும், மாட்டுக்கு வாரும் மனிதருக்குச் செருப்பும் செய்தவர்களுமான தோல் தொழிலாளர், அறுவடைக் களத்தில் அளந்து கொடுத்த தானியத்தை வருஷாந்தரக் கூலியாய்ப் பெற்று ஊருக்கு வெளியே ஜீவித்தவர்கள். அவர்கள் தொட்ட தண்ணீரை அருந்த மறுத்த அதே சமூகம், தோலைத் தைத்த விரல்களின் சாமர்த்தியத்தை நம்பியே வெள்ளத்தில் பிள்ளைகுட்டிகளோடு ஏறி அமர்ந்தது. தொழிலின் மேன்மையைப் பாராட்டும் நம் எழுத்தாளர்கள் இந்த அநீதியைச் சொல்லாமல் கடந்து போவது எனக்குச் சம்மதமன்று. துடுப்புப் போட்டவனையாவது ஊர் பெயர் சொல்லி அழைத்தது. உறை போர்த்தவனின் பெயரை யாரும் கேட்டு வைத்ததாகத் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை ராஜதானியின் தோல் கடல் கடந்து செல்லும் சரக்காயிற்று. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை முதலிய ஊர்களில் பதனிடும் சாலைகள் பெருகின. கிராமத்தில் வழக்கப்படி கிடைத்துவந்த தோலுக்குச் சந்தை விலை ஏற்பட்டபின், அதைப் பரிசலின் அடியில் போர்த்துவது கட்டுபடியாகாத காரியமாயிற்று என்றே கருதுகிறேன். பிற்காலத்தில் பிளாஸ்டிக் தாளும் உரச்சாக்கும் தாரும் தோலின் இடத்தைப் பிடித்தன. ஒகேனக்கல்லில் இன்று பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் பரிசல்களின் கரிய அடிப்புறம் அதற்குச் சாட்சி.

நுட்பம் ஒழிந்துவிடவில்லை, இடம் பெயர்ந்தது. முன்பு தையலில் இருந்த கவனம் இப்போது தாரின் பதத்தில் இருக்கிறது. மிகக் கொதித்த தார் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். சூடு குறைந்தால் சாக்கில் இறங்காமல் மேலே திரையாய் நின்று, பாறையில் பட்டதும் உரிந்துவிடும். ஆதலின் புதுப் பரிசல் கட்டச் சொல்பவர் மூங்கிலின் முற்றலை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், அடிக்குத் தார் பூசப்போகிறவர் யார் என்று விசாரித்து, அவர் முன்னே முடித்த பரிசல் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தபின் பேரம் பேசுவது உசிதம்.