காலி ஆசனம்

1971 ஜூலையில் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் ஒரு விண்ணப்பம் வெளிவந்தது. கத்தோலிக்கத் திருச்சபை தன் பழைய லத்தீன் பூசையை ஒழித்துவிடக் கூடாது என்று ரோமாபுரியைக் கேட்டுக்கொள்ளும் விண்ணப்பம். கையெழுத்துப் போட்டவர்களில் பலர் கத்தோலிக்கர்களே அல்ல. அகதா கிறிஸ்டி, ராபர்ட் கிரேவ்ஸ், ஐரிஸ் மர்டாக் என்று போகும் பட்டியலில் எஃப். ஆர். லீவிஸ் பெயரும் இருக்கிறது. ஆங்கில இலக்கிய வகுப்பில் படித்து, லீவிஸைக் கண்டிப்பான வாத்தியாராக மட்டும் மனசில் வைத்திருந்த எனக்கு இது முதலில் வியப்பாக இருந்தது. பிறகு வியப்பு போய்விட்டது. இவர்கள் கேட்டது மதத்தை அல்ல. நூற்றாண்டுகளாகப் புழங்கி மெருகேறிய ஒரு வடிவத்தை. வடிவத்தை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாமல் இருக்குமா என்பது விமர்சனத்தின் பழைய கேள்வி. ஆறாம் பால் அதே ஆண்டு நவம்பரில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒரு சிறு விலக்கு அளித்தார்.

கலைஞர்களுக்கு விஷயம் அதோடு முடிந்தது. விசுவாசிகளுக்கு முடியவில்லை. அதே 1971ல் மெக்சிகோவில் ஹோவாகின் ஸாயென்ஸ் இ அர்ரியாகா என்ற பாதிரியார், முன்னாள் யேசு சபைக்காரர், ஆறாம் பாலைத் தாக்கி ஒரு புத்தகம் வெளியிட்டார். 1973ல் இன்னொன்று. இரண்டாவதன் தலைப்பு ‘ஸேதே வகாந்தே’. ஆசனம் காலியாக இருக்கையில் என்று அர்த்தம். ஒரு பாப்பரசர் இறந்து அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படும் வரை உள்ள இடைவெளியைக் குறிக்கும் நிர்வாகச் சொல் அது. ரோமாபுரியில் பாப்பரசர் உயிரோடு, வெள்ளை அங்கியோடு, ஜன்னலில் நின்று ஆசீர்வதித்துக் கொண்டிருந்தபோது இவர் அந்தச் சொல்லை எடுத்து அவர் மேல் ஒட்டினார்.

இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியது. அதை வைத்துக்கொண்டு பழமைவாதக் கத்தோலிக்கர்கள் அரை நூற்றாண்டாக ஒருவரோடொருவர் நடத்தி வரும் சண்டையைப் பற்றியது. அவர்களைக் கேலி செய்வது சுலபம். செய்தவர்கள் நிறைய. எனக்கு அந்தச் சண்டையில் சிரிப்பு வரவில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ‘நவீனத்துவம்’ என்ற சொல், அங்கே ஒரு பதிதத்தின் பெயர். 1907ல் பத்தாம் பயஸ், வேத சாஸ்திரத்தையும் சரித்திர விமர்சனத்தையும் சமரசப்படுத்த முயன்ற சில அறிஞர்களின் போக்குக்கு அந்தப் பெயரை வைத்துக் கண்டித்தார். எல்லாப் பதிதங்களும் வந்து கூடும் இடம் அது என்று சொன்னார். 1910 முதல் குருமார் அதற்கு எதிராகச் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும் என்றாயிற்று. 1967ல் அந்தப் பிரமாணம் கைவிடப்பட்டது. முப்பது வயதில் கைதூக்கிச் சத்தியம் செய்த ஒருவர், எழுபது வயதில் அந்தச் சத்தியத்தை வாங்கிய ஸ்தாபனமே அதை விட்டுவிட்டதைப் பார்க்கிறார். அவர் என்ன செய்ய வேண்டும்? மறந்துவிட வேண்டுமா?

இடையில் நடந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1962 முதல் 1965 வரை. 1864ல் ஒன்பதாம் பயஸ் பிழைப் பட்டியலில் சேர்த்திருந்த மத சுதந்திரத்தை, 1965ல் சங்கம் மனித உரிமை என்று அறிவித்தது. 1969ல் புதிய பூசைப் புத்தகம் வந்தது. 1570ல் ஐந்தாம் பயஸ் நிலைப்படுத்திய முறை அநேகமாக ஒரே நாளில் பழசாகிவிட்டது. சாமானியர்கள் மட்டும் முணுமுணுக்கவில்லை. விசுவாசக் காவலுக்கான அலுவலகத்தின் தலைவராக இருந்த கர்தினால் ஒத்தாவியானியே, கர்தினால் பாச்சியோடு சேர்ந்து, புதிய முறை பழைய போதனையிலிருந்து விலகுகிறது என்ற ஆய்வுரை ஒன்றைக் கடிதத்தோடு பாப்பரசருக்கு அனுப்பினார்.

இங்கிருந்துதான் தர்க்கம் தொடங்குகிறது. திருச்சபை தன் பொதுச் சட்டத்தாலும் வழிபாட்டாலும் ஆத்துமாக்களுக்குக் கேடு விளைவிக்க முடியாது; இது பழைய போதனை. இந்தச் சட்டமும் வழிபாடும் கேடு விளைவிக்கின்றன. இது அவர்கள் கண்ணால் கண்டது. அப்படியானால் இவற்றைக் கொடுத்தது திருச்சபை அல்ல. கொடுத்தவர் பாப்பரசர் அல்ல. முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டால் மூன்றாவதிலிருந்து தப்ப வழியில்லை. 1958ல் பன்னிரண்டாம் பயஸ் இறந்ததிலிருந்து ராயப்பரின் ஆசனம் காலி என்று பெரும்பாலோர் கணக்கிடுகிறார்கள்.

அவர்கள் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பது உண்மை. ஒரு பாப்பரசர் பதிதரானால் என்ன ஆகும் என்று பழைய சாஸ்திரிகள் விரிவாகவே வாதித்திருக்கிறார்கள். வெளிப்படையாகப் பதிதராகிவிட்டவர், யாரும் தீர்ப்புச் சொல்லாமலே, தானாகவே பாப்பரசராக இருப்பது நின்றுபோகிறது என்றார் பெல்லார்மின். அப்படி ஒன்று நேராது என்பதே அவருடைய நம்பிக்கை. தானாக விழாது, திருச்சபை நீக்க வேண்டும் என்பது அவருக்கு முந்திய கஜெத்தானின் கட்சி. வாழைப்பழம் அழுகிவிட்டால் அது தானே குலையிலிருந்து விழுமா, யாராவது பறித்துப் போட வேண்டுமா என்கிற மாதிரி. பதினாறாம் நூற்றாண்டில் இது வகுப்பறைக் கேள்வி. 1970களில் இதன் பெயரால் குடும்பங்கள் பிரிந்தன.

ஆனால் இந்தச் சண்டையின் வேர் பதினாறாம் நூற்றாண்டில் இல்லை, 1870ல் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதற்கு முன்னால் பாப்பரசர் தவறாகப் பேசுகிறார் என்று சொல்லிவிட்டுக் கத்தோலிக்கனாகவே இருக்க இடம் இருந்தது. 1331ல் இருபத்திரண்டாம் ஜான், பரிசுத்தவான்களின் ஆத்துமாக்கள் கடைசித் தீர்ப்பு நாள் வரை கடவுளை முகமுகமாகக் காண்பதில்லை என்று பிரசங்கித்தார். பாரிஸ் சாஸ்திரிகள் எதிர்த்தார்கள். 1334ல் மரணப் படுக்கையில் அவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆசனம் காலி என்று சொல்லும் அவசியம் பெரும்பாலோருக்கு ஏற்படவில்லை. 1870ல் முதல் வத்திக்கான் சங்கம் பாப்பரசரின் வழுவாமையை விசுவாச சத்தியமாக்கியது. அந்த வாதத்தின் நடுவே, சங்கத்தில் மரபைக் காரணம் காட்டி எதிர்த்த ஒரு கர்தினாலிடம், மரபு நான்தான் என்று ஒன்பதாம் பயஸ் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள்.

சட்டப்படி அந்த வழுவாமைக்கு எல்லைகள் உண்டு. மனசில் எல்லை இருக்கவில்லை. மூன்று தலைமுறைகள், பாப்பரசர் சொல்வதெல்லாம் சத்தியம் என்ற சூட்டில் வளர்ந்தன. அப்படி வளர்ந்தவனுக்கு, ‘அவர் பாப்பரசர்தான், ஆனால் தவறு’ என்ற வாக்கியம் வாயில் வராது. தவறு என்றால் அவர் பாப்பரசர் இல்லை. அவர் பாப்பரசர் என்றால் தவறு இல்லை. ஆசனம் காலி என்பவனை ரோமாபுரியின் எதிரி என்கிறார்கள். எனக்கு அவன் ரோமாபுரி சொன்னதை மிகவும் நம்பிவிட்ட பிள்ளையாகத் தெரிகிறான்.

அந்த வராத வாக்கியத்தைச் சொல்ல முயன்றவர் மார்செல் லெஃபெவ்ர். தாக்கார் நகரின் ஆர்ச்பிஷப்பாக இருந்தவர். 1970ல் பத்தாம் பயஸ் பெயரில் குருக்கள் சங்கம் தொடங்கி, ஸ்விட்ஸர்லாந்தில் எகோன் என்ற ஊரில் பழைய முறையில் மாணவர்களைத் தயாரித்தார். 1974ல் வெளியிட்ட பிரகடனத்தில், நித்திய ரோமாபுரியைப் பற்றிக்கொள்கிறோம், நவீனத்துவப் போக்குள்ள ரோமாபுரியை மறுக்கிறோம் என்றார். பாப்பரசரை ஒப்புக்கொள், அவர் சொல்வதை எதிர். 1976ல் குருத்துவப் பணிகளிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். 1988 மே 5ல் கர்தினால் ராட்ஸிங்கரோடு ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, மறுநாளே பின்வாங்கி, ஜூன் 30ல் ரோமாபுரியின் தடையை மீறி நான்கு பேரை பிஷப்புகளாக அபிஷேகம் செய்தார். திருச்சபை விலக்கு வந்தது. அந்தக் கணத்தில்கூட ஆசனம் காலி என்று அவர் அறிவிக்கவில்லை. 1986ல் அசிசியில் பல மதத்தவரும் பிரார்த்தனைக்குக் கூடும் ஏற்பாடு நடந்தபோது, அப்படியும் இருக்கலாமோ என்று தம் மாணவர்கள் முன் வாய்விட்டு யோசித்தார். யோசனையோடு நிறுத்திக்கொண்டார்.

காலிக் கட்சிக்காரர்கள் அவரை மன்னிக்கவில்லை. பாப்பரசர் என்று ஒப்புக்கொண்டு, எந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படியலாம் என்று சலித்து எடுப்பதானால் அது லூதர் செய்ததுதானே என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. லெஃபெவ்ர் கட்சியினர் திருப்பிக் கேட்டார்கள்: ராயப்பருக்கு என்றென்றும் வாரிசுகள் உண்டு என்பதும் 1870ன் போதனைதானே? பன்னிரண்டாம் பயஸ் நியமித்த கர்தினால்கள் ஒவ்வொருவராக இறந்துபோனால் அடுத்த பாப்பரசரை யார் தேர்ந்தெடுப்பது? இதுவும் நல்ல கேள்வி. அந்தக் கர்தினால்களில் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை.

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதிலாக எழுந்ததுதான் இந்தச் சரித்திரத்திலேயே நுட்பமான கொள்கை. அதை எழுதியவர் மிஷேல் கெரார் தே லோரியே, பிரெஞ்சு தோமினிக்கன் சாஸ்திரி. ஒத்தாவியானி அனுப்பிய ஆய்வுரையை உருவாக்கியதில் முக்கிய பங்கு இவருடையது. 1979ல் வெளியான அவருடைய வாதம் இது: ரோமாபுரியில் இருப்பவர் பொருள் அளவில் பாப்பரசர், உருவ அளவில் அல்ல. அரிஸ்டாட்டிலை விட்டுவிட்டு நான் வேலை பார்க்கும் பாங்கு பாஷையில் சொல்கிறேன். ஒரு கிளைக்கு மேனேஜராக ஒருவருக்கு உத்தரவு வந்துவிட்டது. ஆள் வந்து நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டார். ஆனால் சார்ஜ் எடுத்துக்கொள்ளவில்லை, சாவி வாங்கவில்லை. அவர் போடும் கையெழுத்து செல்லாது. ஆனாலும் இன்னொருவரை அங்கே உட்கார வைக்க முடியாது. உத்தரவு அவர் பெயரில் இருக்கிறது. நாளைக்கு அவர் மனம் மாறிச் சாவியை வாங்கிக்கொண்டால் அந்த நிமிஷமே அவர் மேனேஜர். ஆசனம் காலியும் அல்ல, நிரம்பியதும் அல்ல. தர்க்கத்தில் இதற்கு இணையான அழகு அந்தச் சண்டையில் வேறு எங்கும் இல்லை. அதனாலேயே இரண்டு கட்சிகளும் இதைச் சந்தேகித்தன.

கொள்கைக்கு பிஷப்புகள் வேண்டும். பிஷப்புகள் இல்லாவிட்டால் குருக்கள் இல்லை, குருக்கள் இல்லாவிட்டால் பூசை இல்லை. கிடைத்தவர் நோ தின் துக், வியட்நாமில் ஹுவே நகர ஆர்ச்பிஷப். தெற்கு வியட்நாம் ஜனாதிபதி நோ தின் தியெம் இவருடைய தம்பி. சங்கத்துக்காக இவர் ரோமாபுரியில் இருந்தபோது, 1963 நவம்பரில் தியெம் கொல்லப்பட்டார். துக் பிறகு ஊர் திரும்பவே இல்லை. நாடும் பதவியும் போன அந்தக் கிழவரை 1975ன் கடைசியில் ஸ்பெயினில் பால்மார் தெ திரோயா கிராமத்துக் காட்சிக்காரர்கள் அழைத்துப்போனார்கள். அவர் அபிஷேகம் செய்தவர்களில் ஒருவரான கிளமென்தே தொமிங்கஸ் 1978ல் தன்னைத்தானே பாப்பரசர் பதினேழாம் கிரகோரி என்று அறிவித்துக்கொண்டார். 1981ல் துக், கெரார் தே லோரியேயையும் இரண்டு மெக்சிகோ குருக்களையும் அபிஷேகம் செய்தார். 1982ல் ஆசனம் காலி என்று பிரகடனம் வெளியிட்டார். 1984ல் அமெரிக்காவில் இறந்தார். ஒரு ஆசனம் பறிபோன குடும்பத்தில் மிஞ்சியவர், இன்னொரு ஆசனம் காலி என்று சாட்சி சொன்னார் என்பதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அதன் பிறகு பிளவுகளின் கதைதான். 1983ல் அமெரிக்காவில் ஒன்பது குருக்கள் லெஃபெவ்ரிடமிருந்து பிரிந்தார்கள். இருபத்துமூன்றாம் ஜான் 1962ல் வெளியிட்ட பூசைப் புத்தகத்தை அவர் பயன்படுத்தச் சொன்னதும் ஒரு காரணம். கோவில் கட்டிடங்களுக்காகக் கோர்ட் ஏறினார்கள். பிரிந்தவர்களுக்குள்ளேயே அடுத்த சண்டை வந்தது. துக் சுயநினைவோடுதான் அபிஷேகம் செய்தாரா, அந்த வரிசையில் வந்த குருக்களின் பூசை செல்லுமா? செல்லாது என்றவர்கள், அந்தப் பூசைக்குப் போகிறவர்களுக்கு நற்கருணை மறுத்தார்கள். 1990ல் கான்சாஸில் டேவிட் பாடன் என்பவரை, அவரையும் அவர் பெற்றோரையும் சேர்த்து ஆறு பேர் கூடிப் பாப்பரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022ல் இறக்கும் வரை அவர் மைக்கேல் என்ற பெயரில் அந்தப் பதவியில் இருந்தார். ஆறு பேர் என்றதும் சிரிக்க வருகிறது. நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த பத்திரிகை மூன்றாம் இதழில் இரண்டாவதைப் பார்த்தவர்கள் நாம். கொஞ்சம் மெதுவாகச் சிரிக்கலாம்.

இந்த வரிசையில் ஒவ்வொருவரும் தனிமனிதத் தீர்ப்பை வெறுக்கிறவர்கள். லூதரின் நோய் என்று அதை ஒதுக்குகிறவர்கள். ஆனாலும் ஒவ்வொருவரும் கடைசியில் ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து, பழைய புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு, பாப்பரசர் யார் என்று தானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எந்த நவீனத்துவத்துக்கு எதிராகக் கிளம்பினார்களோ அதன் மையமான அனுபவம் இதுதான். நம்பத்தகுந்தது எது என்று சொல்லித்தர ஆள் இல்லாத அறை. அவர்கள் அங்கே தோற்று வந்து சேர்ந்தார்கள். நாம் அதை விடுதலை என்று சொல்லி உள்ளே போனோம். இரண்டு பேரும் இருப்பது ஒரே அறையில்.

சண்டை ஓயவில்லை. 2007ல் பதினாறாம் பெனடிக்ட் பழைய பூசைக்கு விரிவாக அனுமதி கொடுத்தார். 2021ல் பிரான்சிஸ் அதைச் சுருக்கினார். அமெரிக்காவில் வத்திக்கான் தூதராக இருந்த ஆர்ச்பிஷப் விகானோ, பிரான்சிஸை ஒப்புக்கொள்ள மறுத்ததற்காக 2024ல் விலக்கப்பட்டார். அதே ஆண்டு ஸ்பெயினில் பெலொராதோ கன்னிமடத்துச் சகோதரிகள், பன்னிரண்டாம் பயஸே கடைசிப் பாப்பரசர் என்று அறிவித்தார்கள்.

பழைய பூசையில், எழுந்தேற்றத்துக்கு முன்னால், குரு தாழ்ந்த குரலில் சொல்லும் நீண்ட ஜெபத்தில் ஓரிடத்தில் பாப்பரசரின் பெயர் வரும். உமது ஊழியராகிய எங்கள் பாப்பு இன்னாரோடு சேர்ந்து, என்று. காலிக் கட்சிக் குரு அந்தப் பெயரைச் சொல்லாமல் தாண்டிவிடுவார். லெஃபெவ்ர் கட்சிக் குரு சொல்லுவார். ஜனங்களுக்குக் காதில் விழாது. ஆனாலும் அந்த ஒரு பெயருக்காக ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கோவிலுக்கும் தம்பி ஒரு கோவிலுக்கும் போவது உண்டு. ஒரு சொல் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் இவ்வளவு கனம் கொடுக்கிறவர்கள் கவிதைக்கு வெளியே வேறு யார் இருக்கிறார்கள்?

2025 ஏப்ரல் 21ல் பிரான்சிஸ் இறந்தார். மே 8ல் பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டார். நடுவில் பதினேழு நாட்கள். ஆசனம் காலியாக இருக்கையில் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி. ஆகவே அந்தப் பதினேழு நாட்களும் உலகத்தின் எல்லாக் கத்தோலிக்கப் பீடங்களிலும், ராயப்பர் கோவிலிலிருந்து கான்சாஸ் வரை, எல்லாக் கட்சிக் குருக்களும் அந்த இடத்துக்கு வந்து, பெயர் சொல்லாமல், தாண்டிப் போனார்கள்.