டாக்டர் பாவு தாஜியும் அவரோடு பயின்ற எழுவரும்

மாட்டுங்காவில் வாழும் தமிழ் மக்களுக்குப் பாவு தாஜி என்பது முதலில் ஒரு சாலையின் பெயர். வாடகைச் சீட்டிலும் திருமண அழைப்பிதழிலும் அப்பெயரை மூன்று தலைமுறையாக எழுதி வருகின்றோம். அதனை அடுத்துப் பண்டார்கர் சாலையும் தெலங் சாலையும் உள்ளன. பண்டார்கர் வடமொழிப் பேரறிஞர் என்பதும், தெலங் நீதிபதி என்பதும் பலர் அறிந்தவை. பாவு தாஜி யார் என்று கேட்டால், விடை கூறுவோர் அரியர். யானும் பல்லாண்டுகள் அச்சாலையில் நடந்த பின்னரே அவர் ஒரு மருத்துவர் என்பதை அறிந்தேன்.

அவரை அறிய வேண்டுமானால், அவர் பயின்ற வகுப்பிலிருந்து தொடங்குதல் நலம். மருத்துவக் கல்வி புகட்ட 1826-ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கப்பெற்ற பள்ளி ஒன்று 1832-இல் மூடப்பட்டுவிட்டது. சென்னையிலும் கல்கத்தாவிலும் 1835-இல் மருத்துவக் கல்விக்கூடங்கள் எழுந்தன. கல்கத்தாவில் மதுசூதன் குப்தர் 1836-இல் பிணத்தை அறுத்துப் பாடம் நடத்தியது அக்காலத்தில் பெருஞ்செய்தியாயிற்று. பம்பாய் காத்திருக்க நேர்ந்தது. ஆளுநர் ராபர்ட் கிராண்ட் 1838-இல் மறைந்தபின் அவர் நினைவாகத் திரட்டிய பணமும் அரசாங்கத்தின் பணமும் சேர்ந்து, 1845-இல் கிராண்ட் மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் பெருங்கொடையால் எழுந்த மருத்துவமனை அதற்கு அருகிலேயே அமைந்தது. டாக்டர் சார்லஸ் மோர்ஹெட் கல்லூரியின் தலைவராக இருந்து வழி நடத்தினார்.

ஆறாண்டுகள் கழித்து, 1851-இல், முதல் வகுப்பினர் பட்டம் பெற்று வெளிவந்தனர். அவர்கள் எண்மர். மெர்வான்ஜி சோராப்ஜி, அர்தசீர் ஜம்ஷெட்ஜி, பர்ஜோர்ஜி தோராப்ஜி ஆகிய மூவர் பார்சியர். செபாஸ்தியன் கார்வாலோ, பால் பிரான்சிஸ் கோமெஸ் ஆகிய இருவர் கிறித்தவர். ஆத்மாராம் பாண்டுரங், அனந்த சந்திரோபா, பாவு தாஜி ஆகிய மூவர் இந்துக்கள். எந்தக் குலத்தான் எந்த நோயாளியைத் தொடலாம் என்று ஊர் விவாதித்துக்கொண்டிருந்த நாளில், இவ்வெண்மரும் ஒரே மேசையைச் சுற்றி நின்று உடற்கூறு பயின்றனர் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பாவு தாஜியின் இயற்பெயர் ராமகிருஷ்ண விட்டல் லாட். இன்று கோவாவைச் சேர்ந்த மாந்த்ரே என்னும் சிற்றூரில் 1820-களின் தொடக்கத்தில் பிறந்தார். பெற்றோர் களிமண் பொம்மை விற்ற எளியோர். சிறுவனின் சதுரங்கத் திறமையைக் கண்டு வியந்த ஆங்கிலேயர் ஒருவர், அவனுக்கு ஆங்கிலக் கல்வி அளிக்குமாறு தந்தையிடம் வற்புறுத்தினார் என்பர். எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் பயின்று பரிசுகளும் உதவித்தொகைகளும் பெற்றார். தந்தை இறந்தபின் தாயையும் தம்பி நாராயணனையும் காக்கும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. பெண்குழந்தைக் கொலையைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வென்றார். பயின்ற கூடத்திலேயே ஆசிரியரானார். அந்த ஊதியத்தோடு நின்றிருக்கலாம். ஆயினும் ஆசிரியர் இருக்கையை விட்டு மீண்டும் மாணவர் பலகையில் அமர்ந்தார். தம்பியும் பின்னர் மருத்துவரானார்.

பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் பாவு தாஜியின் புகழும் செல்வமும் பெருகின. உடன்பிறந்தார் இருவரும் ஏழைகளுக்கு இலவசமாக மருந்து வழங்கினர். நோயாளிகளைப் பார்த்து முடித்த பின்னர்க் கல்வெட்டுகளைப் படிப்பது அவர் வழக்கம். அஜந்தாக் குகைகளின் எழுத்துகளை ஆராய்ந்தார். காளிதாசரின் காலத்தைப் பற்றியும், ஆரியபட்டர், வராகமிகிரர் முதலிய வானநூலாரின் காலத்தைப் பற்றியும் கட்டுரைகள் வரைந்தார். 1852-இல் தோன்றிய பம்பாய் சங்கத்தின் செயலாளருள் ஒருவராக இருந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் உறுப்பினருள் ஒருவர். இருமுறை நகர ஷெரீப். 1862-இல் நடந்த புகழ்பெற்ற மகாராஜா அவதூறு வழக்கில், சீர்திருத்தவாதி கர்சன்தாஸ் முல்ஜிக்குத் துணையாகச் சாட்சிக் கூண்டில் ஏறினார். செல்வர்களை நம்பித் தொழில் செய்யும் மருத்துவர் ஒருவருக்கு அஃது எளிய செயலன்று.

இனி, என் உள்ளத்தை மிகவும் ஈர்த்த செய்திக்கு வருகின்றேன். வடமொழி மருத்துவ நூல்களைத் தேடிப் படித்த பாவு தாஜி, அவற்றில் கூறப்பட்ட மருந்துகள் உண்மையில் பயன் தருகின்றனவா என்று நோயாளிகளிடம் சோதித்தார். அச்சோதனைகளில் தலையாயது தொழுநோய்க்கு உரியது. அவர் கையாண்டது, நம் சித்த மருத்துவர்கள் நீரடிமுத்து என வழங்கும் மரவினத்தின் விதை எண்ணெய் என்று பிற்கால மருந்து நூல்கள் குறிக்கின்றன. நீரடிமுத்து மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் நீரோடைகளின் ஓரமாக வளர்வது. எண்ணெய் குமட்டலை உண்டாக்கும். நோயாளிகள் பல திங்கள் அதனைத் தாங்கவேண்டும். ஆயினும் வேறு மருந்து ஏதும் இல்லாத நாளில், வேண்டாம் என்று எவர் மறுப்பர்?

அம்மருந்து இன்னது என்று பாவு தாஜி நெடுங்காலம் வெளியிடவில்லை. சோதனை முற்றுப்பெறட்டும் என்று காத்திருந்தார் எனலாம். உடன் தொழில் புரிந்தோர் குறை கூறினர். அக்குறையை நான் முற்றும் மறுக்கமாட்டேன். மருந்தை மறைத்து வைப்பது பழைய நாட்டு வைத்தியரின் மரபு. மோர்ஹெட் கற்பித்த மரபு அதுவன்று. இரு மரபுகளையும் ஒருங்கே சுமந்த தலைமுறையின் இடர்ப்பாடு இங்கே வெளிப்படுகின்றது.

அதற்குள் ஊழ் குறுக்கிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பம்பாய்ப் பருத்திக்குக் கிராக்கி ஏறி, நகரமே பங்குச் சந்தையில் மூழ்கிய காலம் அது. 1865-இல் போர் முடிந்தவுடன் விலைகள் சரிந்தன. பாவு தாஜியும் பெரும்பொருள் இழந்தார். பின்னர் வாத நோய் பற்றியது. 1874-ஆம் ஆண்டு மே மாதம் அவர் மறைந்தார். தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரை நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்தது அதற்கு முந்திய ஆண்டில்தான்.

எண்ணெயின் வரலாறு அவரோடு முடியவில்லை. அவ்வினத்து எண்ணெயை உடலில் ஊசிமூலம் செலுத்தத்தக்க வடிவில் மாற்றும் முறையை ஹவாய்த் தீவில் ஆலிஸ் பால் என்னும் இளம்பெண் 1915-ஐ ஒட்டிக் கண்டார். 1940-களில் சல்போன் மருந்துகள் வரும்வரையில் உலகெங்கும் தொழுநோய் மனைகளில் அவ்வெண்ணெயே வழங்கிற்று. சல்போன் மருந்தைச் சோதித்தவர்களுள் முன்னோடியான ராபர்ட் காக்ரன், நம் செங்கற்பட்டில் பணியாற்றியவர். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து, நோயை முற்றிலும் தீர்க்க வல்லதாயிற்று.

வகுப்புத் தோழர்களை மறந்துவிடவில்லை. அனந்த சந்திரோபா அம்மை குத்தும் பணியில் பெயர் பெற்றார். ஆத்மாராம் பாண்டுரங் 1867-இல் பிரார்த்தனை சமாஜத்தைத் தோற்றுவித்தார். 1883-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கியோருள் இந்தியர் இருவர். அவர்களுள் அவர் ஒருவர். 1878-இல் இங்கிலாந்து செல்லவிருந்த இளைஞர் தாகூர், ஆங்கிலம் பேசிப் பழகுவதற்காக இவர் வீட்டில்தான் தங்கினார். தோழருக்குப் பின் இருபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்து 1898-இல் ஆத்மாராம் மறைந்தார்.

பைகுல்லாவில் பாவு தாஜி உழைத்து உருவாக்கிய விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலை, 1975 முதல் அவர் பெயரால் வழங்குகின்றது. மாட்டுங்காவிலோ 1890-இல் வீடற்ற தொழுநோயாளருக்குப் புகலிடம் ஒன்று அமைந்தது. இன்று வடாலாவில் ஆக்வொர்த் மருத்துவமனை என வழங்குவது அதுவே. அதனை நிறுவிய மாநகர ஆணையர் ஆக்வொர்த், மராட்டிய வீரப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் ஆவார். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

என் மேசைக்கு ஒருமுறை சட்டத் திருத்தம் ஒன்று பெயர்ப்புக்கு வந்தது. தொழுநோயை மணவிலக்குக்குரிய காரணங்களிலிருந்து நீக்கிய 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே நீக்கப்பட்டிருந்தது. பழைய கோப்புகளில் 'குஷ்டரோகி' என்றிருந்த இடங்களிலெல்லாம் 'தொழுநோயாளர்' என்று எழுதி முடித்து, அன்று மாலை பாவு தாஜி சாலை வழியே வீடு திரும்பினேன்.