மலையக வரலாற்றில் தலைவியும் தலைவனும்

உறுதி வாய்ந்த தலைவியும் பண்புடைய தலைவனும் அமைந்த காதல் நாவல்கள் இன்று பெரிதும் விரும்பப்படுகின்றன. ரமணிசந்திரன் முதலியோரின் நூல்கள் தமிழகத்தைப் போன்றே இலங்கையிலும் பரவலாகப் படிக்கப்படுவதை நாம் அறிவோம். உறுதியையும் பண்பையும் எதனைக் கொண்டு அளப்பது என்னும் வினாவிற்கு மலையக வரலாற்றின் துணைகொண்டு விடை காண முயல்வோம்.

பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற தொழிற்சங்கவாதி அவர். 1981இல் நூலுருப்பெற்ற அவரது 'வீடற்றவன்' நாவலின் தலைவன், தோட்டத்தில் சங்கம் அமைக்க முனைந்து வேலையையும் இருப்பிடத்தையும் இழக்கின்றான். பிறர் பொருட்டு அவன் இழக்கத் துணிந்தவையே அவனது பண்பிற்கு அளவுகோலாகின்றன.

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) தோட்டத்துப் பெண்ணின் துயர வாழ்வைத் தமிழ் வாசகர் முன் வைத்த நாவலாகும். அப்பெண்ணின் நிலையை உணரக் கூலியின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு கூலி விதிக்கப்பட்டது. சம கூலி கிட்டியதோ 1984இலேதான். விடியுமுன் எழுந்து சமைத்து, பிரட்டுக்குச் சென்று, நாள் முழுதும் கொழுந்து பறித்து, லயத்திற்கு மீண்டு மறுபடியும் அடுப்பு மூட்டியவள் பெண். அவளது சம்பளத்தைக் கணவனோ தந்தையோ பெற்றுக்கொள்ளும் வழக்கமும் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவிற்று.

இப்பின்னணியில் நோக்கின், தலைவனை எதிர்த்துக் கூர்மையாகப் பேசுவது மட்டுமே தலைவியின் உறுதியாகிவிடாது என்பது புலனாகும். தன் உழைப்பின் பயனைத் தன் கையிற் பெற்று, அதனைச் செலவிடும் உரிமையைக் கோருவதே உறுதி. அவ்வுரிமையைத் தான் வழங்கிய கொடையாகக் கருதாது இயல்பென ஏற்று, அடுப்பங்கரைச் சுமையிலும் பங்கு கொள்பவனே பண்புடைய தலைவன். செல்வம் மிக்க தலைவனின் இரக்கத்தால் முடிவெய்தும் கதைகள் இவ்விடத்தை எட்டுவதில்லை.

இத்தகைய இருவரின் காதலை மையமாகக் கொண்ட நாவல்கள் மலையகத்திலிருந்து மிகுதியாக எழுதல் வேண்டும். கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணைத் துயரத்தின் உருவாக மட்டுமே நம் இலக்கியம் நெடிது காட்டி வந்துள்ளது. காதலிக்கவும் தேர்ந்தெடுக்கவும் மறுக்கவும் உரிமையுடையவளாக அவளைக் காட்டுவது நம் எழுத்தாளரின் கடனாகும்.